மரியாதை தெரிந்த எதிரொலி

கல்லூரி வளாகத்துக்குள் காரை நிறுத்திவிட்டு இறங்கிய பாலகோபால், எதிரே நின்ற புதிய கலையரங்கத்தை அடியிலிருந்து உச்சி வரை ஒரு முறை பார்த்தான். முன்னால் கிரேக்கத் தூண்கள். பக்கவாட்டில் ராஜஸ்தான் ஜன்னல்கள். தலைக்கு மேல், துபாயில் பார்த்துவிட்டு வந்து கட்டிய குவிமாடம்.

"மூணு ஊர்ல திருடினதை ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்காங்க," என்றான்.

லாஸ்யா சிரிக்கவில்லை. அவனிடம் வேலை பார்க்கும் ஒலிப் பொறியாளர் அவள், கோயமுத்தூர்ப் பெண். இந்த ஊரைப் பற்றி இவன் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வராது என்பது அவிநாசி தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க சொந்த ஊரும் இந்தப் பக்கம், பொள்ளாச்சிதான சார்?"

"பிறந்த ஊர். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

பெங்களூருக்குப் போனதும் பாலகோபால் முதலில் உதறியது இந்த ஊர்ப் பேச்சைத்தான். குறிப்பாக அந்த 'ங்க'. வாக்கியத்தின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்ட சூயிங்கம் என்பான் அதை. நாய்க்குட்டியைத் துரத்துவதற்குக்கூட 'போங்க' என்று சொல்கிற கூட்டம், உருப்பட்ட மாதிரிதான்.

வாசலில் கல்லூரியின் சேர்மன் சென்னகிருஷ்ணன் கைகூப்பி நின்றார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் மோட்டாருக்கு வார்ப்படம் ஊற்றி வளர்ந்தவர். இப்போது பொறியாளர்களை ஊற்றி வார்க்கிறார்.

"வாங்க, வாங்க! ஏனுங்க, டிராபிக்ல மாட்டிக்கிட்டீங்களா? இந்தச் சரவணம்பட்டிக்குள்ள நுழைஞ்சா, வெளிய வர்றதுக்குள்ள பையன் டிகிரியே முடிச்சுப்போடுவானுங்க!"

தன் நகைச்சுவைக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, உள்ளே அழைத்துப் போனார். "எல்லாம் இத்தாலி மார்பிளுங்க. ஆனா நான் மைக்குல பேசினா, அண்டாவுக்குள்ள பூனையப் போட்டு உருட்டுன மாதிரி கேக்குது. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் ஓடிப் போயிட்டாங்க. ஒருத்தரு போனே எடுக்கறதில்லீங்க."

"பளிங்குச் சுவர், பளிங்குத் தரை, மேல குவிமாடம். இதுல பேச்சு புரியணும்னு நினைக்கிறது சல்லடையில தண்ணி மொள்ற மாதிரி."

"அதுக்குத்தானுங்க உங்களக் கூப்பிட்டது. வைகாசில திறப்பு விழா, தேதி குறிச்சாச்சு. அன்னைக்கு நான் பேசறது கடைசி சீட்டுல உக்காந்திருக்கறவனுக்கும் காதோரமா பேசின மாதிரி கேக்கோணும்."

"நீங்க என்ன பேசினாலும் தெளிவா கேக்கும். பேச்சு நல்லா இருக்கணும்கிறதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, யாரையோ பார்க்கப் போனார் சேர்மன்.

பாலகோபால் இதற்கு ஒப்புக்கொண்டது அந்த மனிதருக்காக அல்ல. இதுவரை அவன் அமைத்தவை எல்லாம் ஒலிப்பதிவுக் கூடங்கள், சின்ன நாடக அரங்குகள். 'டப்பா ரூம் ஸ்பெஷலிஸ்ட்' என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லிச் சிரிப்பது அவன் காதுக்கு வந்திருந்தது. இது மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கம். மற்றவர்கள் கைவிட்டுப் போன அரங்கம். இதை ஒழுங்காகப் பேச வைத்துவிட்டால் அந்தச் சிரிப்பு நிற்கும். முடியாவிட்டால், அவன் ஆயுளுக்கும் டப்பாதான்.

உள்ளே ஜன்னலே கிடையாது. வெளியே காணும் ராஜஸ்தான் ஜன்னல்கள் எல்லாம் வெறும் ஒட்டு வேலை. பட்டப்பகலில் அங்கே மேடை விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அதற்கு அப்பால் வரிசை வரிசையாக நாற்காலிகள், பிறகு பால்கனி, பிறகு இருட்டு. ஈரச் சுண்ணாம்பும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாடை. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வெயிலில் காய்ந்துபோன பழைய வியர்வை மாதிரி.

மேடை நடுவில் நின்று ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். புது அரங்கத்தைச் சோதிக்க அவன் செய்யும் முதல் காரியம் அது. தட்டிய ஒலி குவிமாடத்தில் ஏறி, சுற்றி, எவர்சில்வர் தட்டுகளைக் கொட்டிக் கவிழ்த்தது போலத் திரும்பி வந்தது.

"கேவலம்," என்று முணுமுணுத்துவிட்டு, "ஹலோ!" என்று கத்தினான்.

ஒலி போயிற்று. எங்கெங்கோ சுற்றியது. திரும்பி வந்தது.

"ஹலோங்க!"

லாஸ்யாவின் கை மடிக்கணினிப் பையின் மேல் அப்படியே நின்றது.

"பால்கனியில எவனோ உக்காந்துட்டு வேலை காட்டறான்," என்ற பாலகோபால், இருட்டைப் பார்த்து அதட்டினான். "யார்றா அது?"

"யாருங்க அது?"

அவனுடைய குரல்தான் அது. அதே கனம், அதே லேசான கரகரப்பு. 'டா'வை மட்டும் யாரோ கழுவித் துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பணிவாக ஒரு 'ங்க'வை வைத்திருந்தார்கள்.

லாஸ்யா படியேறிப் பால்கனிக்குப் போய்க் கைபேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் இல்லை.

"எதிரொலிதான். ஓசை குவிமாடத்துல மாட்டி மூக்கொலியா மாறுது," என்றான் பாலகோபால்.

"குவிமாடம் 'டா'வ 'ங்க'வா மாத்துமா சார்?"

"இந்த ஊர்க் குவிமாடம் மாத்தும். மைக்கை எடு."

சோதனைக் கருவியை இயக்கினார்கள். அடித்தொண்டையிலிருந்து உச்சம் வரை ஒரே இழுப்பாக ஊளையிடும் ஒலியை ஒலிபெருக்கியில் விட்டு, அது அரங்கத்தில் என்ன ஆகிறது என்று மைக்கில் பிடிப்பது முறை. திரையில் முதலில் ஒரு முள் எழுந்தது. அதுதான் நேராக வந்த ஒலி. அப்புறம் சரிந்து போகும் வால். அந்த வாலுக்கும் அப்பால், வெகு தூரத்தில், தனியாக இன்னொரு முள் நின்றது. முதல் முள்ளிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, ஒலி அவ்வளவு தூரம் பயணம் செய்துவிட்டு வருகிறது என்று பொருள்.

"குவிமாட உச்சி," என்றான் பாலகோபால். "அங்க இருக்கான் திருடன்."

"திருடன் இல்லீங்க சார்."

நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கையில் விளக்குமாறு. கல்லூரியின் துப்புரவுப் பணியாளருக்கான பச்சைக் கோட்டு. அன்புக்கரசி என்று அட்டையில் பெயர் தொங்கியது.

"அது எங்கூட்டுக்காரருங்க."

பாலகோபால் லாஸ்யாவைப் பார்த்தான். இதுதான் உன் ஊர் என்பது போல.

"படிச்சவங்க 'யார்றா'ன்னு கேட்டா அவருக்குப் பொறுக்காதுங்க. திருத்திக் குடுப்பாரு. பேரு பிரான்சிஸ்ங்க. மேல, உள்ள தெரியற டூமுக்கும் வெளிக் கூரைக்கும் நடுவுல ஆளு போற சந்து இருக்குது. அதுக்குள்ள கண்ணாடிப் பஞ்சு வெக்கற வேலை. போன சித்திரைல ஒரு சனிக்கெழம சாயங்காலம், கூட இருந்தவங்க எறங்கிட்டாங்க. இவரு ஒரு பக்கம் பாக்கின்னு நின்னாரு. பலகை முறிஞ்சு இடுப்பு வரைக்கும் சந்துல செருகிக்கிச்சுங்க. போனு கீழ உளுந்து தெறிச்சுப் போச்சு."

"கத்தியிருக்கலாமே?"

"கூப்பிட்டாருங்க. கீழ சேர்மன் யாரோ பெரிய மனுசங்களுக்கு ஹாலச் சுத்திக் காட்டிட்டு, கெளம்பற நேரம். இவரு மேல இருந்து 'ஏனுங்க, சித்த வாங்க'ன்னாரு. கீழ நின்னவங்க காதுல 'போயிட்டு வாங்க'ன்னு உளுந்துச்சாம். சேர்மன் அண்ணாந்து பாத்து, 'வாரேன், வாரேன்'னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு. கூட நின்ன வாட்ச்மேன் சொன்னதுங்க."

புறப்படுகிறவன் 'போகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. 'வாரேன்' என்றுதான் சொல்வான். வந்துகொண்டிருப்பவனும் 'வாரேன்' என்றுதான் சொல்வான். கீழே நின்றவர் விடைபெற்றார். மேலே சிக்கியவனுக்கு உதவி வருவதாகக் கேட்டது.

"அதுக்கப்புறம் ஒரு சத்தமும் வரலீங்களாம். சேர்மனே வாரேன்னு சொல்லிப்போட்டாரு, மறுக்காக் கூப்பிட்டா மரியாதையா இருக்காதுன்னு சும்மா இருந்திருப்பாரு. அந்த மனுசன் அப்படித்தானுங்க. வேல இழுத்துக்கிச்சாட்ட இருக்குதுன்னு நானும் ஊட்டுல கெடந்துட்டேன். அவரு சிக்குன எடத்துக்கு மேல தகரக் கூரைங்க. பகலெல்லாம் அடுப்பு. திங்கக்கெழம ஆளுக ஏறிப் பாத்துத்தான் எறக்குனாங்க."

அவள் அழவில்லை. விளக்குமாற்றை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"நீங்க இந்தச் சத்தத்த எடுக்கத்தான் வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. எடுக்காதீங்க சார். நான் கூட்டும்போது ரண்டு வார்த்த பேசுவேன், அவரு திருப்பிச் சொல்லுவாரு. அது ஒண்ணுதானுங்க எனக்கு இருக்கறது. இன்னும் காத்துட்டே இருக்காருங்க. காத்துட்டு இருக்கறவர எங்க அனுப்பப் போறீங்க?"

"எதிரொலிக்கு ஊடும் கிடையாது, வாசலும் கிடையாதும்மா," என்றான் பாலகோபால். 'ஊடு' என்பதை வேண்டுமென்றே அவளைப் போல இழுத்துச் சொன்னான். "பஞ்சு வச்சு அடைச்சா செத்துப் போகும். போய் வேலையைப் பாரு."

அவள் அவனையே ஒரு கணம் பார்த்தாள்.

"ஒரு 'ங்க' சேத்துனா உங்க வாயி தேஞ்சா போயிரும்?" என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் டீ குடிக்கும்போது பாலகோபால் இதைச் சேர்மனிடம் கேட்டான். அனுதாபம் ஒன்றுமில்லை, மேலே உள்ள சந்தில் ஆள் ஏற முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது. சென்னகிருஷ்ணன் முகம் ஒரு நொடி சுருங்கி, மறுநொடி விரிந்தது.

"என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? உசுரு போகையில எவனாவது 'சித்த வாங்க'ம்பானா? 'ஐயோ, சாகறேன்'னு கத்த வேண்டாமுங்களா? அந்த நேரத்துல மரியாதை என்ன வேண்டிக்கெடக்குது? முட்டாப் பய." பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "செத்தவன விடுங்க. பொண்டாட்டிக்கு நானேதான் வேலை போட்டுக் குடுத்திருக்கேன். சத்தம் எப்பப் போகும், அதச் சொல்லுங்க."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சேர்மனோடு பாலகோபாலுக்குக் கருத்து வேற்றுமை இல்லை.

வேலை தொடங்கியது.

முதலில் குவிமாடம். துளை போட்ட பலகைகளால் உட்புறம் முழுக்க மூடி, அதன் முதுகில் புதிதாகக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தார்கள். மேடையின் மேல் தொங்கிய பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் வாழைத்தார் போலச் சரம் சரமாக ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டார்கள். பின் வரிசைக்காரர்களுக்கு ஒலி தேய்ந்து போகாமல் இருக்க, நடுநடுவே சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள். மேடைக் குரல் காற்றில் நடந்து வந்து சேரும் அதே கணத்தில் அவையும் பேசும்படி, ஒவ்வொன்றையும் சற்றே தாமதப்படுத்தி வைத்தான் பாலகோபால். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேசுகிறவர் பக்கத்தில் குனிந்து பேசுவது போலிருக்கும். பெருமைப்பட வேண்டிய வேலைதான். பெருமைப்பட்டான்.

அந்த வாரமே அவன் கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. கண்ணாடிப் பஞ்சின் தூசு. எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை.

குவிமாடம் முடிந்ததும் சோதித்தார்கள். "ஹலோ," என்றான்.

"ஹலோங்க."

இந்த முறை குரல் மேலிருந்து வரவில்லை. பால்கனியின் முதல் வரிசையிலிருந்து வந்தது.

"பால்கனி முகப்பு," என்றான். "அதையும் மூடு."

அதையும் திண்டு வைத்து மூடினார்கள்.

"ஹலோங்க."

அது நாற்காலிகளின் நடுவிலிருந்து வந்தது.

பளிங்குச் சுவர்களுக்குத் துணிப் பலகை அடித்தார்கள். தரைக்குக் கம்பளம் போட்டார்கள். அன்புக்கரசி ஒவ்வொரு நாளும் வந்து கூட்டினாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட முன்வரிசையில் நின்று காதைக் கொடுத்தாள். பாலகோபாலைக் கடக்கும்போது மட்டும், சாலையில் எச்சிலைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள்.

லாஸ்யா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "சார், எதிரொலி குறையல. இந்த ரெண்டாவது முள்ளைப் பாருங்க. ஒவ்வொரு வேலை முடியறப்பவும் முதல் முள்ளுக்கிட்ட நகருது."

"நகரட்டும்."

"அது நம்மகிட்ட வருது சார்."

பாலகோபால் சிரித்தான். "முட்டாள்தனமா பேசாத. எதிரொலி தூரத்துல இருந்தாத்தான் தொல்லை. ரொம்பக் கிட்ட வந்துட்டா காது அதைத் தனியா பிரிக்காது. பேசறவன் குரலோட சேர்த்துக் கேட்டுக்கும். குரல் இன்னும் கொஞ்சம் கனமாத் தெரியும், அவ்வளவுதான். அதை நாம சாகடிக்க வேண்டாம். கிட்ட கொண்டு வந்து ஒட்டவச்சாப் போதும்."

"எதோட ஒட்ட வைக்கறது?"

"பேசறவனோட."

லாஸ்யா திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மேடைக்கு மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின நாள், காலை பத்து மணி வாக்கில் கடைசிச் சோதனை. லாஸ்யா அரங்கத்தின் நடுவில், ஒலியைக் கட்டுப்படுத்தும் கன்சோல் மேசையில் இருந்தாள். பாலகோபால் மேடையில் மைக்கின் முன் நின்றான். வெளியே கல்லூரிப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கும். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பஞ்சு.

"ஹலோ," என்றான்.

காத்திருந்தான்.

ஒன்றும் திரும்பி வரவில்லை.

"ஹலோ! எங்கடா போன?" என்று கத்திவிட்டு, வெற்றியோடு கையை விரித்தான். அந்த நேரம் பார்த்து எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டரைச் சோதிக்க மின் இணைப்பைத் துண்டித்தார்.

இருட்டு.

ஜன்னல் இல்லாத அரங்கத்தின் இருட்டு எப்படியிருக்கும் என்று அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே தெரியாது.

"சார், அசையாம நில்லுங்க. இப்ப வந்துரும்," என்றாள் லாஸ்யா, எங்கோ தூரத்தில்.

முதலில் வாடை வந்தது. காய்ந்த வியர்வை. சூடேறிய தகரம். பிறகு கழுத்தில் அந்த அரிப்பு. அரிப்புக்குப் பின்னால் வெப்பம். அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிப்பது போன்ற மூச்சு.

"ஏனுங்க."

இந்தத் தடவை அது பாலகோபாலின் குரல் இல்லை.

வறண்ட குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசைகூடக் கேட்டது.

"ஏனுங்க... சித்த வாங்க."

பாலகோபால் ஓரடி பின்வாங்கினான். ஓட வேண்டும். எந்தப் பக்கம் கதவு? பயம் வந்தால் மனிதன் தாய் பேசிய பேச்சில்தான் உளறுவான். பெங்களூரில் இருபது வருஷமாகத் தேய்த்துக் கழுவிய நாக்கு, அந்த ஒரு நொடியில் பொள்ளாச்சிக்குத் திரும்பிவிட்டது. விட்டால் போதும், நான் கிளம்புகிறேன் என்று சொல்ல நினைத்தான். அவன் வாயில் வந்தது இது.

"வா... வாரேனுங்க."

முகத்தில் அடித்த அந்தச் சூடான மூச்சு நின்றது. இருட்டு யோசிப்பது போல இருந்தது.

பிறகு, அத்தனை மாதங்கள் காத்திருந்த ஆள் கடைசியில் பதில் கேட்ட நிம்மதியோடு, அவன் தொண்டைக்குள்ளேயே அந்தச் சொல் கேட்டது.

"வாங்க."

விளக்குகள் எரிந்தன.

"யார்கிட்ட சார் 'வாரேன்'னு சொன்னீங்க?" என்று லாஸ்யா கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல." தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டே படியிறங்கி வந்தான். திரையில் ஒரே ஒரு முள்தான் இருந்தது. சுத்தமான, கூரான, அழகான ஒற்றை முள். "பாரு. போயிடுச்சு."

லாஸ்யா திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "போன மாதிரி தெரியல சார். நடுவுல இடைவெளி இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் விழா அமர்க்களமாக நடந்தது. மூவாயிரம் நாற்காலிகளும் நிறைந்திருந்தன. சென்னகிருஷ்ணன் பட்டு வேட்டி சரசரக்க மேடையேறிப் பேசினார். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக விழுந்தது. அவர் பேச்சில் விஷயமே இல்லை என்பது அன்றுதான் கல்லூரிக்கு முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் கைதட்டினார்கள்.

பாலகோபால் கன்சோலில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தான். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டி லாஸ்யாவிடம் சொல்லியிருந்தான். பயமொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பேசிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. பின்வரிசையில் அன்புக்கரசி மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் வரும்வரை பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவளைப் போல.

மாலையும் கழுத்துமாகச் சேர்மன் கன்சோலுக்கு வந்தார். "சாதிச்சுப்போட்டீங்க! எக்கோ கிக்கோ ஒண்ணும் இல்லீங்க. இனிமே தமிழ்நாட்டுல எந்த ஹாலு கட்டுனாலும் உங்களத்தான் கூப்புடுவானுக. நான் சொல்றேன்." தோளில் தட்டினார். "கெஸ்டு காத்துட்டு இருக்காங்க. அப்ப வாரேனுங்க."

இந்தப் பாராட்டுக்காகத்தானே இத்தனை பாடு. நன்றி என்று சொல்வதற்குப் பாலகோபால் வாயைத் திறந்தான்.

"போன தடவையும் அப்படித்தானுங்க சொன்னீங்க."

கன்சோலின் மைக் திறந்தே இருந்தது. காலியான மூவாயிரம் நாற்காலிகளின் காதோரமும் அது பணிவாகச் சொல்லிவிட்டு அடங்கியது.

தோளில் இருந்த கை நழுவியது. "என்... என்னங்க சொல்றீங்க?"

"சனிக்கெழமைங்க. வாரேன்னீங்க. அதான் மறுக்காக் கூப்புடலீங்க."

குரல் பாலகோபாலுடையதுதான். இரண்டு கைகளாலும் அவன் தன் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சென்னகிருஷ்ணன் பின்னால் நகர்ந்தார். பட்டு வேட்டி நாற்காலியில் சிக்கிக் கிழிந்தது. மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவை நோக்கி ஓடினார். ஓடும்போது போகிறேன் என்றும் சொல்லவில்லை, வாரேன் என்றும் சொல்லவில்லை.

லாஸ்யா மைக்கை அணைத்தாள். பிறகு கன்சோலுக்கு வரும் மின்சாரத்தையே அணைத்தாள். பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

பின்வரிசையில் அன்புக்கரசி எழுந்தாள்.

அவசரப்படாமல் நடந்து வந்தாள். கம்பளத்தில் காலடி கேட்கவில்லை. பாலகோபாலின் முன் வந்து நின்று, அவன் கண்களைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்தாள். அவன் கைகளை ஒவ்வொன்றாக, ஊறின துணியைப் பிரிப்பது போல, வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

அது தனக்கான அழைப்பு இல்லை என்று பாலகோபாலுக்குத் தெரியும். நான் பாலகோபால். என் பெயர் பாலகோபால். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, அதைச் சத்தமாகச் சொன்னான்.

"வந்துட்டேன், அம்மணி."

அன்புக்கரசி தலையசைத்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள்.

பாலகோபாலுக்குத் தாகமே இல்லை. ஆனால் பாட்டிலின் கடைசிச் சொட்டு வரை அந்த வாய் அதை விடவில்லை.